குழாயாக இருந்த இதயமும் பேச வராத நானும்

ஸ்கேன் சென்டர் வேலை என்பது, வந்தவர்களை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஒருவரும் பாத்ரூம் பக்கம் போய்விடாமல் காவல் காக்கும் வேலை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கும் சக ஜீவன்களே, உங்களையும் ஜனங்கள் முறைத்திருப்பார்கள். பேங்கில் முறைப்பார்கள், ரேஷன் கடையில் முறைப்பார்கள். ஆனால் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு ஒருவர் முறைப்பது தனி ரகம். அம்பத்தூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஃபேனுக்கு அடியில், அதை நான் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

நான் விலங்கியல் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் என் பேரே எனக்கு மறந்துபோகும். ஸ்கேன் ரூம் இருட்டாக இருக்கும், பேச்செல்லாம் டாக்டருடையது, நமக்கு ரிப்போர்ட் டைப் அடிக்கும் வேலைதான் என்று நம்பிச் சேர்ந்தேன். டாக்டர் அம்மா என் சர்ட்டிஃபிகேட்டைப் புரட்டினார். கோழி முட்டையில் கரு வளர்வதை ஸ்லைடில் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் நான் செய்த தப்பு. "அப்ப இனிமே இதயம் எப்படி வருதுன்னு வர்றவங்களுக்கு நீயே சொல்லிடு. ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு."

லைன் இழுப்பதற்கு முன்னால்

நான் முதன்முதலாக வாயைத் திறந்தது திருமுல்லைவாயல் பம்ப்செட் மெக்கானிக் ஒருவரிடம். மனைவிக்கு ஆறேழு வாரம். ஸ்கிரீனில் கருவுக்குள் ஒரு புள்ளி மினுக்மினுக்கென்று துடித்தது. டாக்டர் அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: முதலில் இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய குழாய்கள் இருக்கும். அவை நடுவில் வந்து ஒட்டி ஒரே குழாய் ஆகும். அறை, கதவு எதுவும் வருவதற்கு முன்பே அந்தக் குழாய் துடிக்க ஆரம்பித்துவிடும்.

"அந்த ரத்தம் எங்க போவும்?" என்றார் மெக்கானிக். ஆரம்பத்தில் எங்கேயும் பெரிதாகப் போகாது, ரத்தக் குழாய்களே அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருக்கும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. மனைவியின் வயிற்றை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "லைன் இழுக்கறதுக்கு முன்னாடியே மோட்டார ஆன் பண்ணா காயில் பூடும் மேடம். யாரு அங்க சூபர்வைசரு?"

ராகு காலம்

இதயத் துடிப்பை முதன்முதலில் பார்ப்பதை ராகு காலத்தில் வைத்துக்கொள்ள எங்கள் பக்கம் யாருக்கும் மனசு வராது. அதனால் அந்த ஒன்றரை மணி நேரம் எங்கள் சென்டரில் ஈ ஓட்டலாம். அது முடிந்த அடுத்த நிமிஷம் பத்துப் பெண்கள், ஆளுக்கொரு லிட்டர் தண்ணீரை வயிற்றில் சுமந்துகொண்டு, ஒரே வாசலில் நுழைவார்கள். யார் முதலில் என்பதில் சண்டை. கவுண்டரில் என்னோடு இருக்கும் செல்வி அக்கா அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஒரு நாள் கத்தினார்: "நேரங்காலம் பாத்து வரத் தெரியுது, இங்க கக்கூஸ் ஒண்ணுதான் கீதுன்னு தெரியல!"

தேதி சொன்ன மாமியார்

ஸ்கேனுக்கு முன்னால் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும். கடைசியாகத் தீட்டு வந்தது எப்போது? கேள்வி மருமகளுக்கு. பதில் சொல்வது மாமியார். இது எங்கள் தொழிலில் எழுதப்படாத விதி. மேனாம்பேட்டிலிருந்து வந்த மலரும் விதிவிலக்கு இல்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. கல்யாணமாகி நாலு வருஷம். மாமியார் நாகம்மா முன்னால் உட்கார்ந்தார், மலர் பின்னால் நின்றாள்.

"ஆனியில வந்ததுதான் கடைசி," என்றார் நாகம்மா. "ஆடியில வரல. வந்திருந்தா கூழு குடத்த எப்டித் தூக்கியிருப்பா? ஆத்தாவே தள்ளி வெச்சா. அப்டியே நின்னுட்ச்சி." தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை என்பது கேட்கும்போதே தெரிந்தது. 'ஆத்தா' என்ற சொல் வந்தபோதெல்லாம் மலர் துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். கூச்சப்படுகிறவர்களுக்கு மற்றவர்கள் கையைப் பார்ப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது. அதனால் பார்த்தேன்.

உள்ளே டாக்டர் அம்மா ரொம்ப நேரம் தேடினார். கர்ப்பப்பைக்குள் கரு வளரும் சின்னப் பை ஒன்று இருந்தது, அதற்குள் வளையம் மாதிரி ஒன்று. அவ்வளவுதான். நாகம்மா சொன்ன கணக்குப்படி இந்நேரம் கை கால் வைத்த கரு நீந்திக்கொண்டிருக்க வேண்டும். துடிப்பே காணோம். போன வருஷமும் மலருக்கு இப்படித்தான், துடிப்பு வராமலே போய், ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்திருந்தார்கள். நாகம்மா ஸ்கிரீனையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுவும் பூட்ச்சின்னா இப்பவே சொல்லிடு டாக்டரு. சும்மா வயித்துல வெச்சிகினு இவ நாள எண்ண வேணாம்."

பாத்ரூம் வாசலில்

வயிற்றின் மேலே வைத்துப் பார்ப்பதற்குத்தான் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். உள்வழியாகப் பார்ப்பதற்கு அது காலியாக இருக்க வேண்டும். அதனால் டாக்டர் அம்மா மலரை பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னார். கூடப் போவது என் வேலை. மாமியார் இல்லாமல் எங்கள் சென்டரில் ஒரு மருமகள் நிற்கக்கூடிய ஒரே இடம் அந்த நாலடிச் சந்துதான்.

அவள் வெளியே வந்ததும், ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தவள் போல என் வாயிலிருந்து ஒரு கேள்வி தானாக விழுந்தது. "நடுவுல ஒரு தடவை வந்துச்சா?" மலர் உடனே அழவில்லை. முதலில் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள், அப்புறம் அழுதாள். கூழ் ஊற்றும் அன்று தீட்டு வந்துவிடக் கூடாதென்று மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். திருவிழா முடிந்து மாத்திரையை நிறுத்தியதும் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் நாகம்மா மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெருவில் அறிவித்துவிட்டார். வாயைத் திறந்து 'வந்துட்ச்சி' என்று சொல்ல மலருக்குத் தைரியம் இல்லை. மறைத்துவிட்டாள். அதற்கு அடுத்த மாசம் நிஜமாகவே நின்றுவிட்டது.

"ஆத்தாள ஏமாத்தினேன். அதான் துடிப்ப குடுக்க மாட்டேன்றா," என்றாள். நான் என் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான வசனத்தை அந்த பினாயில் வாசனையில்தான் பேசினேன். நீ மாத்திரை போட்டபோது இந்தக் கருவே இல்லை. உன் தேதிப்படி இதற்கு ஐந்து வாரம் சொச்சம்தான் ஆகிறது. ஸ்லைடில் நான் பார்த்திருக்கிறேன், இந்த வயசில் இதயம் ஒரு சின்னக் குழாய், அதன் துடிப்பு நம் மெஷினுக்குத் தெரிய இன்னும் சில நாள் ஆகலாம். வரும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வரவில்லை என்று சொல்ல இன்னும் நேரம் ஆகவில்லை. இதை டாக்டரிடம் மட்டும் சொல்லட்டுமா?

மலர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "டாக்டர்கிட்ட சொல்லுங்க. அத்தகிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் புள்ள நின்னாலும் அந்த ஊட்ல நான் நிக்க முடியாது."

சைஸ் பார்த்து வயசு

டாக்டர் அம்மாவின் காதில் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. உள்வழியாகவும் பார்த்து முடித்து, நாகம்மாவை அழைத்தார். "உங்க தேதியை நான் எடுத்துக்கல. கருவோட அளவை வச்சுதான் கணக்கு போட்டிருக்கேன். அளவு சின்னது. துடிப்பு தெரிய வேண்டிய நாளே இன்னும் வரலை. பத்து நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் யாரும் எதுவும் பண்ணக் கூடாது, எந்த மாத்திரையும் குடுக்கக் கூடாது."

மாத்திரை என்றதும் மலரும் நானும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம். நாகம்மா எழுந்தார். தேதியில் கை வைத்தது தன் கௌரவத்தில் கை வைத்த மாதிரி. வாசல் வரை போய்த் திரும்பினார். "ஆத்தா குட்த்த தேதிய இந்தப் பொட்டி மாத்துமா? மெஷினு பழசு போலக் கீது."

ஊமைப் படம்

பத்து நாள் மலருக்கு மட்டும் நகராமல் நிற்கவில்லை, எனக்கும்தான். ஒவ்வொரு ஸ்கேனிலும் அந்த மினுக்கைத் தேடினேன். நசரத்பேட்டையிலிருந்து ஒரு பெண் தன் நாத்தனாரோடு வந்தாள். துடிப்பு அழகாகத் தெரிந்தது. என் கண் கலங்கிவிட்டது. யாரோ எவரோ. செல்வி அக்கா பார்த்திருந்தால் ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பார்.

நாத்தனாருக்குத் திருப்தி இல்லை. சத்தம் எங்கே என்றார். போனில் ரெக்கார்ட் செய்து அண்ணனுக்கு அனுப்ப வேண்டுமாம். இத்தனை சின்னக் கருவுக்குச் சத்தம் வைத்துப் பார்ப்பதில்லை, அதற்கு மெஷினின் அலையைக் கொஞ்சம் பலமாகச் செலுத்த வேண்டியிருக்கும், இப்போதைக்குக் கண்ணால் பார்த்தால் போதும் என்று விளக்கினேன். முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாகவே விளக்கினேன். அவர் போனைப் பைக்குள் போட்டார். "ஊமப் படம் காட்டவா அவ்ளோ தூரத்துலேந்து ஆட்டோ புடிச்சி வரச் சொன்னீங்க?"

நாலு ரூம்

எட்டாவது நாள் ஒரு ஐ.டி. கணவர். கோயம்புத்தூர்க்காரர், அம்பத்தூரில் வாடகை, சென்னீர்குப்பத்தில் ஃபிளாட் புக் செய்திருக்கிறார். போனில் ஏதோ ஆப் வைத்துக்கொண்டு என்னிடமே பரீட்சை நடத்தினார். குழாய் எப்போது வளையும், எந்தப் பக்கம் வளையும் என்று கேட்டார். இருக்கும் இடத்தைவிட நீளமாக வளர்ந்துவிடும், அதனால் வலது பக்கமாக வளைந்து மடங்கும், பிறகு உள்ளே சுவர் எழும்பி நாலு அறை ஆகும் என்றேன். எத்தனை நாள் என்றார். சில வாரங்களில் முடிந்துவிடும், மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவில் மட்டும் ஒரு சின்ன வழி பிறக்கும்வரை திறந்திருக்கும் என்றேன்.

அவர் போனைக் கீழே வைத்தார். நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு பெருமூச்சு விட்டார். "சில வாரத்துல நாலு ரூமா? எங்க பில்டர் ரெண்டு ரூமுக்கு மூணு வருஷமா சுவர் எழுப்பறார் மேடம். ஓட்டை மட்டும் இப்பவே விட்டுட்டார், ஏ.சி.க்காம்."

நாகம்மா சொன்னது

பத்தாவது நாள் நாகம்மாவும் மலரும் வந்தார்கள். ராகு காலம் தொடங்கி அரை மணி ஆகியிருந்தது. சென்டரில் வேறு யாருமே இல்லை. நேரத்தை ஞாபகப்படுத்தலாமா என்று யோசித்தேன். நாகம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை மலர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அம்மா ஸ்கேன் கருவியை நகர்த்தினார். நான் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, மலரின் கையைப் பார்த்தேன். துப்பட்டா நுனி சுருண்டுகொண்டே போனது. "இதோ," என்றார் டாக்டர் அம்மா. நிமிர்ந்தேன். வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கீற்று. அதற்குள், எரியலாமா வேண்டாமா என்று யோசிக்கும் டியூப் லைட் மாதிரி, எள்ளளவு வெளிச்சம். வரும் போகும், வரும் போகும். மலரின் கை துப்பட்டாவை விட்டுவிட்டது. நாகம்மா ஸ்கிரீனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குழாய், அறை, சுவர் என்று நான் தயார் செய்து வைத்திருந்த எதையும் யாரும் கேட்கவில்லை.

மலர் பாத்ரூம் போனாள். கூடப் போகக் கிளம்பிய என் கையை நாகம்மா பிடித்து இழுத்து உட்கார வைத்தார். என் இதயம் நாலு அறையும் போய் மறுபடி குழாயாகிவிட்டது. எல்லாம் தெரிந்துவிட்டதா? மருமகளை வீட்டை விட்டுத் துரத்தப்போகிறாரா?

நாகம்மா குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, அன்னிக்கி டாக்டரு தேதி தப்புன்னுச்சி இல்ல? மனசு கேக்காம எங்க தெரு மெடிக்கல் ஷாப்ல போய் வெசாரிச்சேன். 'ஆடி மாசத்துல தள்ளிப் போடற மாத்திர வாங்காத ஊடு இந்தத் தெருவுல ஏதுக்கா'ன்றான். கூழு குடம் தூக்கின அத்தினி பொம்பளைங்களும் போட்டவளுங்கதானாம், எங்க மலரும் சேத்து. நான் ஒருத்திதான் ஆத்தா தள்ளி வெச்சா, ஆத்தா தள்ளி வெச்சான்னு அவளுங்ககிட்டயே போய்ச் சொல்லிக்கினு திரிஞ்சிகீறேன். எனக்குத் தெரியும்னு மலருகிட்ட மட்டும் சொல்லிடாத, என் மானம் பூடும்."

பேச வராது என்று வீட்டில் இத்தனை வருஷம் திட்டு வாங்கிய எனக்கு, பேசாமல் இருப்பதற்கும் ஒரு ஆள் தேவைப்படுகிறது என்று புரிய ஒரு மாமியாரும் ஒரு மருமகளும் எள்ளளவு இதயம் ஒன்றும் வேண்டியிருந்தன.