ஜன்னல் மேஜைக்காரர்

பெரிய பட்டணத்தில் ஒரு ஓட்டலுக்குப் பெயர் கிளம்பிவிட்டால் போதும், அப்புறம் அங்கே யாரும் ஒழுங்காகச் சமைக்க வேண்டியதில்லை. நன்றாகச் சமைக்கிறவனுக்கு அடுப்பை விட்டு நகரவே நேரமிருக்காது, பெயர் வாங்க அவன் எங்கே போவான்? பெரிய சாலை முனையில் இருந்த அந்த ஓட்டலில் அடுப்பை விட வாசலுக்குத்தான் கவனிப்பு அதிகம். உள்ளே பாதி மேஜை காலியாகக் கிடந்தாலும் வாசலில் வரிசை நிற்கும். நிற்க வைப்பார்கள். அவ்வளவு நேரம் வெயிலில் காய்ந்துவிட்டு உள்ளே போனவன், மீன் ரப்பர் மாதிரி இருந்தது என்று வெளியே வந்து சொல்வானா? சொன்னால் அவன் கால்வலியே அவனைப் பார்த்துச் சிரிக்கும். அருமை என்று சொல்லிவிட்டுப் போவான், அதை நம்பி நாளைக்கு இன்னும் நாலு பேர் வந்து நிற்பார்கள்.

வரிசைக்கு நேர் எதிரே, கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு மேஜை. மதியம் முழுக்க அதில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். நல்ல கோட்டு, வாரிய தலை, ஐம்பதைத் தாண்டிய வயது. சமையற்கட்டில் அவருக்கு ஜன்னல் மேஜைக்காரர் என்று பெயர். அவர் சாப்பிட வந்தவர் இல்லை. சாப்பிடுவதுதான் அவருடைய உத்தியோகம்.

கரும்பு தின்னக் கூலியா என்று கேட்கத் தோன்றும். அவரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். அதற்கு முன்பு ஒரு பெயின்ட் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தார். முதலாளி கண்ணை மூடியதும் மகன்கள் கிடங்கை விற்றுவிட்டார்கள். அந்த வயதில் வேலை தேடுவது என்றால் கண்ட படியெல்லாம் ஏற வேண்டியதுதான். அப்படித்தான் ஒருநாள் இந்த ஓட்டலின் பின்வாசலில் வந்து, ஸ்டோரில் ஏதாவது இடம் இருக்குமா என்று கேட்டார். இல்லை என்றார் மேனேஜர். பசி நேரம். மனைவி கட்டிக்கொடுத்த டப்பாவை அங்கேயே படியில் உட்கார்ந்து திறந்தார். ரொட்டி, கீரை, ஒரு முட்டை.

சிகரெட் பிடிக்க வெளியே வந்த மேனேஜர் அப்படியே நின்றுவிட்டார். இந்த மனிதர் சாப்பிடுவதைப் பார்த்தால் வயிறு நிறைந்தவனுக்கும் பசிக்கும். முதல் வாய் உள்ளே போனதும் கண் மெல்ல மூடும். புருவம் உயரும். யாரோ காதில் நல்ல சேதி சொன்னதுபோலத் தலை லேசாக ஆடும். பாசாங்கு ஒன்றும் கிடையாது, பிறவி வாகு அது. மறுநாளே அந்த முகத்துக்குக் கோட்டு மாட்டி ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார் மேனேஜர்.

அவசரப்படக் கூடாது, தட்டை வழிக்கக் கூடாது, வெளியே நிற்பவர்களைப் பார்க்கவே கூடாது. விதிகள் இவ்வளவுதான். ஆனால் தட்டில் வருவது ஆறிப்போன மீன், மாவு கரைத்த சூப், வெந்தும் வேகாத உருளைக்கிழங்கு. இரண்டாம் நாளே அவருடைய நாக்கு முரண்டு பிடித்தது. முகம் முரண்டு பிடிக்கவில்லை. சொன்னபடியெல்லாம் கேட்டது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, போகலாமா என்று தயங்கிய குடும்பங்கள் வரிசையில் வந்து சேர்ந்துகொள்ளும்போது அவருக்கு வெட்கமாகத்தான் இருக்கும். இதை வெளியே சொல்ல முடியுமா? ஓட்டலில் ஸ்டோர் வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொல்லிவைத்தார்.

அவருடைய மனைவி வீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். தையலில் கெட்டிக்காரி, சமையலில் சுமார். அந்தக் குடும்பத்தில் கைப்பக்குவத்தை எல்லாம் அக்காதான் வாரிக்கொண்டு பிறந்தாள் என்பது ஊரறிந்த விஷயம். அக்காவும் அதை மறக்க விடமாட்டாள். இவ கையில சட்டியைக் குடுத்தா சட்டிதான் வேகும் என்று நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பாள். தங்கையிடம் அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிட்டு ரசிச்சுச் சாப்பிடுவாரு, வந்து பாரு என்பாள். கல்யாணமான நாளிலிருந்து இத்தனை வருஷமும் அந்தப் பதிலை வைத்தே தலை நிமிர்ந்து நடந்தாள்.

கண் டாக்டரைப் பார்க்க அக்கா பட்டணத்துக்கு வந்தாள். வந்த இடத்தில் பேர்போன ஓட்டலைப் பார்க்காமல் போவதா? அங்கே ஒன்றும் நன்றாக இருக்காது என்று இவர் சொல்லிப் பார்த்தார். சம்பளம் கொடுக்கிற இடத்தையே குறை சொல்கிறாரே என்று மனைவி கோபித்துக்கொண்டாள். மறுநாள் மதியம், சொல்லாமல் போய் அவரை அசத்திவிடலாம் என்று இரண்டு பேரும் கிளம்பி வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள்.

இவர் அப்போது மீனை வாயில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். திறந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி. பக்கத்தில் அக்கா, அதோ பார் என்று இவரைக் கைகாட்டிக்கொண்டு. மனைவி கோட்டைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்க்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? வாயில் மீன் இருந்தது, கல்லாவிலிருந்து மேனேஜர் கவனித்துக்கொண்டிருந்தார். மென்றார். மெல்ல மெல்லப் புருவம் தானாக உயர்ந்தது, தலை தானாக ஆடியது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவருக்கு.

ஒருவழியாக உள்ளே விட்டார்கள். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்ததால் இவர் எழுந்து போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து அவர்களும் அதே மீனைக் கேட்டு வாங்கினார்கள். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. குரலும் கேட்டது.

"செருப்பை வேக வச்ச மாதிரி இருக்கே. இதையாடி உன் வீட்டுக்காரரு கண்ணை மூடிட்டுச் சாப்பிட்டாரு?"

மனைவி ஒரு துண்டு தின்றாள். அப்புறம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். வெளியே வந்ததும் அக்கா போனை எடுத்து மருமகளிடம், மீன் வாயில் வைத்தால் கரைகிறது என்று பீற்றிக்கொண்டாள். அதுதான் அக்கா.

அக்காவை ஊருக்கு ரயிலேற்றிவிட்டு வந்த சாயங்காலம் அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டோர் வேலை என்றது பொய், ஜன்னலில் உட்கார்ந்து தின்பதுதான் வேலை. மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேலை வேலைதான். அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை," என்றாள். சட்டைக் காலரைத் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "வீட்டுல எனக்குக் காட்டுற முகமும் அதுதானே?"

இல்லை என்று பதறினார். ஓட்டல் பின்வாசல் படியில் உட்கார்ந்து நீ கட்டிக்கொடுத்த டப்பாவைத் தின்றபோதுதான் மேனேஜர் பார்த்தார், அந்த முகமே உன் சமையலால் வந்தது என்று சொன்னார். சத்தியமான பேச்சு. ஆனால் சொல்லும்போதே, அவருடைய காதுக்கே அது பொய் மாதிரி ஒலித்தது.

"நல்லாத்தான் சொல்றீங்க," என்றாள். "முதல் வருஷம் எல்லாத்தையும் தீய்ச்சு வச்சேனே. அப்பவும் கண்ணை மூடினீங்களே?"

அது பொய்தான். பிரியத்தில் சொன்ன பொய். அதையும் ஒப்புக்கொண்டார். பிறகு எப்போதோ நிஜமாகவே பிடித்துப்போய்விட்டது என்றார். எப்போது என்று கேட்டாள். யோசித்து யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை.

"உங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் துணியை எடுத்தாள்.

அந்த வாரமே வேலையை விட்டார். ஜன்னலில் ஒரு தொப்பைக்காரர் வந்து உட்கார்ந்தார், வரிசை ஒரு ஆள் குறையவில்லை. இவருக்கு ஒரு இரும்புக் கடையில் பழையபடி ஸ்டோர் வேலை கிடைத்தது. வீட்டில் மட்டும் சாப்பாட்டு வேளை வந்தாலே அவருக்கு உடம்பு கூசியது. கண்ணை மூடினால் நடிப்பு. மூடாமல் மருந்து விழுங்குவதுபோலச் சாப்பிட்டால் அவளுடைய முகம் வாடியது. உண்ணவும் பயந்து ஒரு பிழைப்பா என்று தன்னையே நொந்துகொண்டார்.

கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. குறை சொல்கிறவனை ஊர் நம்பும். ஒரு குறை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நன்றாக இருக்கிறது என்பதையும் அவள் நம்பத்தானே வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் கீரையும் முட்டையும் செய்து வைத்தாள். உண்மையில் அன்று அமிர்தமாக இருந்தது. கண்கள் தாமாக மூடப் பார்த்தன. பிடிவாதமாக விழித்துக்கொண்டு, கீரையில் உப்பு கொஞ்சம் கம்மி என்றார்.

அவள் அவருடைய தட்டிலிருந்தே ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நிதானமாகச் சுவைத்தாள்.

"உப்பு சரியாத்தானே இருக்கு." அவரைப் பார்த்தாள். குரல் உயரவில்லை. "குறையைக்கூட நிஜமாச் சொல்ல மாட்டீங்களா எனக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிமிர்வது என்று அவருக்குத் தெரியவில்லை.