அவிழ்க்காத சலங்கை

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. நிமிடம் பிசகாமல் சொல்ல முடிகிறது. அப்போது நான் பள்ளிக்கூட ஹாலின் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹாலில் இருந்த எல்லோருமே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். நடன வாத்தியார் வரவேண்டிய பட்டுக்கோட்டை பஸ் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம். அவர் அப்போதுதான் தாளப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்திருந்தார்.

அன்று விஜயதசமி. ஏழு பெண்களுக்குச் சலங்கை பூஜை. முதன்முதலாகக் காலில் சலங்கை கட்டி, நாலு பேர் முன்னால் ஆடும் நாள். ஏழு பேரில் ஒருத்தி என் மகள். பதின்மூன்று வயது.

"பத்து நிமிஷம் உடம்பைச் சூடு பண்ணிக்கட்டும் வாத்தியாரய்யா. அப்புறம் கட்டலாம்" என்றேன்.

"பத்து நிமிஷமா? நல்லாச் சொன்னீங்க டீச்சரம்மா! ஏழு புள்ளைக்கும் கட்டி முடிக்கவே காமணி நேரம் ஆகும். ராகுகாலத்துல கட்டச் சொல்றீங்களா?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த தாய்மார்கள் பார்த்தார்கள். நான், "சரி, கட்டுங்க" என்றேன்.

இரண்டே சொல். இதை எழுதும்போது எனக்கு யார் யார் மேலோ கோபம் வருகிறது. வாத்தியார்மேல், தலைமையாசிரியைமேல், அந்தத் தாய்மார்கள்மேல், பட்டுக்கோட்டை பஸ்மேல்கூட. ஆனால் அந்த இரண்டு சொல்லைச் சொன்னது என் வாய்தான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அறந்தாங்கியில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். சென்னையில் ஒரு வருடம் உடற்பயிற்சி ஆசிரியைக்குப் படித்துவிட்டு வந்தவள். முந்தைய ஆண்டு நடனம் பழகிய பெண்களில் மூன்று பேர் கணுக்கால் வீங்கிப் பாதியில் நின்றுவிட்டார்கள். கூப்பிட்டனுப்பிய தலைமையாசிரியை, "நடனக்காரப் புள்ளைகளுக்கு ஒடம்பு உறுதிக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுங்க டீச்சர். பெத்தவங்க எங்கிட்ட வந்து சண்டைக்கு நிக்கிறாங்க" என்றார். ஜூன் மாதம் அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தது.

நான் முதலில் செய்த காரியம் வகுப்பைச் சிமெண்டுத் தரையிலிருந்து கிளப்பியதுதான். வாத்தியாருக்குக் காலடிச் சத்தம் 'படீர்' என்று கேட்க வேண்டும். சிமெண்டில் கேட்கும், கேட்கிற அளவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு அடி வாங்கும். வேப்ப மரத்தடியில் மணலைக் கொட்டி, நனைத்து, மிதித்துத் தளம் போட வைத்தேன். காலை ஏழரைக்குப் பெண்கள் வர வேண்டும். ஐந்து நிமிடம் வேக நடை. பிறகு கணுக்காலை வட்டமாகச் சுழற்றுவது. பிறகு படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதிகாலை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்குவது, இருபது முறை.

"டீச்சர், பரண் மேல இருக்கிற ஊறுகாச் சாடிய எடுக்க இது ரொம்பத் தோதா இருக்கு" என்பாள் ஒரு பெண். மற்றவர்கள் கெக்கலி கொட்டுவார்கள். எனக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'பட்டாளத்து டீச்சர்'.

குதித்து இறங்குவதற்குத்தான் அதிக நாள் எடுத்துக்கொண்டேன். விரல் முதலில், பிறகு பாதம், கடைசியில் குதிகால். முழங்கால் மடிந்தே இருக்க வேண்டும். அது கட்டைவிரல் பக்கமாகச் சாயக் கூடாது. வெறும் வயிற்றோடு யாரும் குதிக்கக் கூடாது. அரை மணிக்கொரு தரம் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்த காலோடு ஆடவே கூடாது. இதை ஒரு தட்டியில் எழுதி மரத்தில் மாட்டியும் வைத்தேன்.

வாத்தியாருக்கு இதெல்லாம் வேடிக்கை. அரைமண்டியில், அதாவது முழங்கால்களை இரு பக்கமும் விரித்துப் பாதி உட்கார்ந்த நிலையில், பெண்களைக் கால் மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டு வெற்றிலை போடப் போகிறவர் அவர்.

"இது நாட்டியமா, பட்டாளமா டீச்சரம்மா? எங்க வாத்தியார் எங்க தொடை மேல ஏறி நிப்பாரு. நாங்க என்ன செத்தா போனோம்?"

"உங்ககூடக் கத்துக்கிட்டவங்கள்ல இப்ப எத்தனை பேரு ஆடுறாங்க?"

அவர் சிரித்தார். "கேள்வியப் பாரு" என்று வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தார். அதற்குமேல் சண்டை இல்லை. அவர் கெட்டவர் அல்ல. அந்த நான்கு மாதத்தில் ஒரு பெண்ணுக்கும் கால் வீங்கவில்லை என்பதை அவரே தலைமையாசிரியையிடம் சொன்னாராம். அதனால்தான் எனக்கு ஆறவில்லை. தெரிந்தவர்கள்தானே நாங்கள் எல்லோரும்.

விஜயதசமிக்கு முதல் நாள் மழை. மணல் தளம் சேறாகிவிட்டது. ஹாலில்தான் பூஜை என்று முடிவாயிற்று. அதற்கும் சரி என்றேன். சலங்கை கட்டும்வரை பெண்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றார்கள். அதற்கும் சரி என்றேன். அன்று காலை வீட்டில் என் மகள், "அம்மா, ஒரே ஒரு வாய் காப்பி" என்றாள். "டீச்சர் மகளே விரதம் முறிச்சான்னு பேச்சு வரும்டி" என்று டம்ளரை எடுத்து உள்ளே வைத்தேன். நான்கு மாதம் ஊருக்கு எடுத்த என் பாடம் என் வீட்டுக்குள் எட்டவில்லை. ஏனென்றால் அவள் என் பிள்ளை.

எட்டரை மணியிலிருந்து ஏழு பெண்களும் பட்டுப்பாவாடையோடு அந்தச் சில்லென்ற சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் வந்ததும் ஒவ்வொருவராக எழுந்து வணங்கிச் சலங்கை வாங்கினார்கள். தோல் பட்டையில் ஐந்து வரிசை மணி தைத்த புதுச் சலங்கை. தளர்ந்தால் உராய்ந்து புண்ணாகும் என்று வாரை இழுத்து இறுக்கித்தான் கட்டுவார்கள். பத்து இருபத்தெட்டுக்கு ஏழாவது பெண்ணுக்கும் முடிச்சு விழுந்தது. ஹாலில் எல்லோரும் ஏதோ பெரிய காரியம் சாதித்ததுபோல மூச்சு விட்டார்கள். நானும் விட்டேன்.

முதல் ஆட்டம், வாத்தியார் கணக்கில் முதல் உருப்படி. பத்து நிமிடம் போல ஆகியிருக்கும், ஏழு பேரும் ஒன்றாகக் குதித்து இறங்கும் ஓர் இடம். ஆறு பேர் இறங்கினார்கள். என் மகளின் இடது பாதம் வெளிப்பக்கமாக மடிந்து, அதன்மேல் அவள் முழு உடம்பும் இறங்கியது. காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். அத்தனை சலங்கைச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அது கேட்டது.

பள்ளிக்கூடத்துக்குள் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது நான் அவளுக்குப் போட்டிருந்த சட்டம். விழுந்தவள், "டீச்சர்!" என்றுதான் கத்தினாள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். கணுக்காலுக்குக் கீழே பாதம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேராகச் சேர்ந்து ஓரத்தில் பெஞ்சில் படுக்க வைத்து, காலை உயர்த்தி வைத்தோம். அசைய விடாமல் பிடித்துக்கொண்டு, முதல் வேலையாகச் சலங்கை வாரில் கை வைத்தேன்.

"கட்ட அவுக்காதீங்க!" வாத்தியார் தாளத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "கடைசி ஆட்டம், மங்களம், இன்னும் ஆகல. கட்டுன சலங்கைய மங்களம் ஆடாம அவுக்கப்படாது."

"ஒடிஞ்சிருக்கு வாத்தியாரய்யா. வீங்கும். வார் இறுக்கிப் பிடிச்சிரும்."

"ஒடிஞ்சுச்சுன்னு நீங்களாச் சொல்லாதீங்க. சுளுக்கா இருக்கும். இன்னும் மூணே உருப்படி. சுருக்காவே முடிச்சுடுறேன்."

எனக்குப் பின்னால் இன்னொரு பெண்ணின் தாய், எனக்குக் கேட்கட்டும் என்றே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "அவ புள்ளைக்கு மட்டுமா? நடுவுல அவுத்தா ஏழு புள்ளைக்கும் சேத்துல்ல கொறை வரும். நாளைக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?"

"அரை மணிதானே டீச்சர். நான் பியூனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சுரும்" என்று தலைமையாசிரியை என் தோளில் கை வைத்தார்.

அவள் அப்பா குளத்தூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. படித்தவள் நான். எலும்பு முறிந்த இடத்தில் வீக்கம் வரும், வீக்கத்தின்மேல் கட்டு இறுகினால் ரத்தம் போகாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். அந்த ஆறு பெண்களுக்கும் குறை வந்துவிடும் என்ற பேச்சுக்குப் பயந்து கையை எடுத்துக்கொண்டேன். ஈரத்துணியைச் சலங்கைக்கு மேலே போட்டேன். சலங்கைக்கு மேலே! என்ன மடத்தனம்.

ஆறு பெண்களும் மறுபடி ஆடினார்கள். அழுதுகொண்டே ஆடினார்கள். யாரும் அவர்களை நிறுத்தவில்லை. முன்வரிசையில் தாம்பூலத் தட்டு கை மாறியது. பியூன் திரும்பி வந்து, டாக்டர் மணமேல்குடிக்கு அம்மைத் தடுப்பு ஊசி போடப் போயிருப்பதாகவும், கம்பவுண்டர் தகவல் சொல்லி ஆள் அனுப்பியிருப்பதாகவும் சொன்னான். நான் மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பாக இருந்தவை வெளுத்தன. பிறகு நகங்களுக்கடியில் நாவல் பழக் கறைபோல ஒரு நிறம் ஏறியது. தோல் பட்டைக்கு மேலேயும் கீழேயும் சதை பிதுங்கிவிட்டது.

சுண்டுவிரலைக் கிள்ளி, "வலிக்குதாடா?" என்றேன்.

"எதும்மா?" என்றாள். "எங்க தொடுறீங்க?"

அப்போது மணி பதினொன்று இருபத்தைந்து. வாத்தியார் மங்களத்துக்குத் தாளத்தைத் தட்டத் தொடங்கியிருந்தார். இன்னும் மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் அவருடைய சட்டமும் நிறைவேறியிருக்கும். முக்கால் மணி நேரம் பொறுத்தவளுக்கு அந்த மூன்று நிமிடம் பொறுக்க முடியவில்லை. முடிச்சு சதைக்குள் புதைந்து விரலுக்கு அகப்படவில்லை. பூஜைத் தட்டில் வாழைப்பழச் சீப்பு அறுக்க வைத்திருந்த கத்தியை எடுத்து, வாருக்கும் சதைக்கும் நடுவே என் விரலைச் செருகி, என் விரலோடு சேர்த்து அறுத்தேன். தையல் விட்டு மணிகள் தரை முழுக்க உருண்டன. ஆடிக்கொண்டிருந்த பெண்கள் கால் வைக்க இடமில்லாமல் நின்றார்கள்.

"அடி ஆத்தி!" என்றாள் அந்தத் தாய்.

வாத்தியார் தாளத்தைக் கீழே வைத்தார். "என்ன காரியம் செஞ்சீங்க டீச்சரம்மா! சலங்கையில கத்தி வைப்பாங்களா? இனிமே இந்தப் புள்ள எப்படிங்க ஆடும்?"

"ஆடுறது கெடக்கட்டும்யா! நடக்குமான்னு கேளுங்க. கண்ணத் தொறந்து அந்தக் காலப் பாருங்க!"

என் வாழ்நாளில் ஒரு சபையில் நான் போட்ட முதல் சத்தம் அதுதான். பிரயோசனம் இல்லாத சத்தம். போட்டிருக்க வேண்டிய நேரம் பத்து மணி பத்து நிமிடம். அவர் வந்து பார்த்தார். வார் இருந்த இடம் பள்ளமாக, தாம்புக்கயிறு இழுத்த தடம்போல இருந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

கம்பவுண்டர் சைக்கிளில் வந்தார். இரண்டு மரச் சட்டங்களை வைத்துக் காலைத் தளர்வாகக் கட்டினார். "இதுக்கு மேல நான் தொட மாட்டேம்மா, டாக்டர் வரட்டும்" என்றார். தலைமையாசிரியை அறையில் மேஜைமேல் படுக்க வைத்தோம். அவள் ஒரு காலைப் பார்ப்பாள், இன்னொரு காலைப் பார்ப்பாள். ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல் நிறம். நான் விரல்களை என் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தன. ஒரு மணி ஆகியும் சூடு ஏறியதா, அது என் கைச் சூடுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அறைக்கு வெளியே வராந்தாவில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இலை போதவில்லை என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

ஒன்றரை மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. டாக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டையெல்லாம் கடற்கரை மணல். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. சட்டைப் பையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, கட்டைவிரலில் குத்தினார். அவள் சும்மா கிடந்தாள். அடுத்த விரல். சும்மா கிடந்தாள். பாதத்தின் நடுவில் அழுத்திக் குத்தினார்.

"ஐயோ, வலிக்குது!" என்று அலறினாள்.

"வலிக்குதா? சரி, நல்லா அழு தாயி" என்றார். மறுபடி ஒவ்வொரு விரலாகக் குத்திக்கொண்டே போனார். மூன்றாவது விரலிலும் நான்காவதிலும் சுண்டுவிரலிலும் காலை இழுத்துக்கொண்டாள். பாதத்தைக் கையில் ஏந்திக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு என்னிடம், "எத்தனை மணிக்கு விழுந்துச்சு, எத்தனை மணிக்கு அவுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். வாத்தியார், தலைமையாசிரியை, தாய்மார்கள் எல்லோரும் கதவருகே வந்து நின்றிருந்தார்கள்.

"கால் பொழைச்சுக்கிரும். எலும்பு ரெண்டு எடத்துல போயிருக்கு, தஞ்சாவூருக்குக் கொண்டு போகணும், அது கூடிரும். கட்டைவிரலும் பக்கத்து விரலும் மரத்துத்தான் கெடக்கு, உசுர் வருதா இல்லையான்னு இப்ப என்னால சொல்ல முடியாது" என்றார். பிறகு என்னையும் கதவருகே நின்றவர்களையும் சேர்த்துப் பார்த்துக் கேட்டார்: "முக்கா மணி நேரம்! இத்தனை பெரிய மனுஷங்க இருந்துக்கிட்டு, புள்ள கால் நீலமாகிற வரைக்கும் அங்கிட்டு என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"