உப்புப் படாத கை

ஒரு கிழமைக்கு இந்தியா போய் வருவதற்காக அம்மா பாஸ்போட் எடுக்கப் போகிறார் என்றபோது எங்கள் ஊரான சல்லியில் ஒருவரும் நம்பவில்லை. எங்கள் கரையில் ஒரு பெண் பாஸ்போட் எடுத்தால் அது குவைத்துக்கு, இல்லாவிட்டால் சவூதிக்கு. போனவர்கள் திரும்பி வர வருடங்கள் ஆகும்.

“எந்த அரபி வீட்டுக்கு மச்சாள்?” என்று பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் கேட்டார்.

“வேலைக்கில்ல. அக்காட மகளுக்குக் கலியாணம்.”

“ஒரு கலியாணச் சோத்துக்கு ஆரும் பாஸ்போட் எடுப்பினமோ?”

“நான் எடுப்பன்” என்றார் அம்மா.

பெரியம்மா யுத்த காலத்தில், நான் பிறப்பதற்கு முன்பே, வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனவர். தமிழ்நாட்டில் ஒரு முகாமில் இருந்தார். அதற்குப் பிறகு அம்மா அவரைக் கண்டதில்லை. போனில் குரல் மட்டும் கேட்கும். ஆவணியில் அவருடைய மகளுக்குக் கலியாணம் என்று செய்தி வந்ததும், இந்த முறை போகாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று அம்மா முடிவு செய்துவிட்டார்.

எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அப்போது ஆறாம் ஆண்டு படித்தேன். எனவே அம்மாவின் பயணத்துக்கு நான்தான் பொறுப்பு என்று நானே என்னை நியமித்துக்கொண்டேன். விண்ணப்பத்தை ஆங்கில எழுத்துகளில், பேனையை அழுத்திப் பிடித்து நிரப்பினேன். ஒரு சொல்லும் பொய்யாக இருக்கக்கூடாது என்று அடியில் எழுதியிருந்ததை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். இடம்பெயர்ந்தபோது தொலைந்த பிறப்புப் பத்திரத்துக்கு, கிராம சேவகரான ஜி.எஸ்ஸிடம் கடிதம் வாங்கிப் புதுப் பிரதி எடுத்தோம். நகரத்தில் ஸ்டூடியோக்காரத் தம்பி, சிரிக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னான். “சிரிக்கிற எண்ணம் எனக்கில்ல தம்பி, நீங்க எடுங்க” என்றார் அம்மா.

எல்லாம் சரியாக வந்தது. கடைசியில் பாஸ்போட் கந்தோரில் விரல் அடையாளம் எடுக்கும்போதுதான் பிழைத்தது.

அது ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. அம்மா விரலை வைத்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் வந்தது. அம்மாவுக்கு வைக்கத் தெரியவில்லை என்று நினைத்து, நான் எட்டி என் விரலை வைத்துக் காட்டினேன். கோடு கோடாக அழகான ரேகை திரையில் எழும்பியது.

“பிள்ளைட முறை வரக்குள்ள பிள்ளை வையுங்க” என்று அங்கிருந்த உத்தியோகத்தர் சிரித்தார். மூதூர்ப் பக்கத்து இளம் பெண். அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். “அக்கா, என்ன வேலை செய்யிறீங்க?”

“கருவாடு போடுறனான்.”

“அதுதான். கத்தியும் உப்பும் ரேகையைத் திண்டிட்டுது. எங்கட உம்மாக்கும் வயல் வேலையால இப்பிடித்தான். கொஞ்ச நாளைக்கு உப்பு, சவர்க்காரம் ஒண்டும் படாம வச்சிருங்க. தேங்காயெண்ணெய் பூசுங்க. ரேகை திரும்பி வரும்.”

“வருமெண்டால் வரட்டும் தங்கச்சி. நானும் திரும்பி வருவன்” என்றார் அம்மா.

அன்று தொடங்கி அம்மா மீனையும் அடுப்பையும் தொடவில்லை. கட்டா, பாரை மீன்களை அப்பா வெட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் உப்புப் போட்டேன். அம்மா கதிரையில் இருந்தபடி, எண்ணெய் பூசிய கைகளை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு, “முதுகால வெட்டுங்கோ, வயித்தால இல்ல” என்று கட்டளை போட்டார். அப்பா குசினிக்குள்ளும் போனார். அந்த நாட்களின் குழம்பைப் பற்றி அவருக்கு முன்னால் நாங்கள் இன்றும் கதைப்பதில்லை. நான் ஒருநாள் அம்மாவின் கையைப் பிடிக்கப் போக, “தொடாத, கொம்மாட கை இப்ப கோயில் சாமான்” என்றார் அப்பா.

மாமியும் விடவில்லை. “மகாராணி, வெத்திலை மடிச்சுத் தரட்டோ?”

“தாங்கோ. வாயிலயும் வச்சுவிடுங்கோ.”

இரண்டாம் முறை போனபோது சில விரல்கள் வந்தன, சில வரவில்லை. பஸ்ஸில் வரும்போது நான் அழுதேன். அம்மா அழவில்லை. விரல் நுனிகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பயிர் முளைக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து கோப்பை கழுவுவதும் நான்தான்.

மூன்றாம் முறை எல்லா விரல்களையும் பெட்டி எடுத்துக்கொண்டது. உத்தியோகத்தர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அம்மா அதை நெடுநேரம் பார்த்தார்.

பாஸ்போட் வந்தது, விசாவும் வந்தது. சொன்னபடியே ஒரு கிழமை போய், கலியாணம் பார்த்துவிட்டு அம்மா வந்து சேர்ந்தார். மறுநாள் காலையே கத்தியை எடுத்துவிட்டார்.

சில நாட்களில் பெரியம்மா போன் எடுத்தார். அம்மாவின் கைகள் இரண்டும் உப்புக்குள் இருந்ததால், நான் போனை அவர் காதோடு பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா கதைத்தது எனக்கும் கேட்டது.

“உன்ர கைதான் இன்னும் என்ர கண்ணுக்குள்ள நிக்குது. பஞ்சு மாதிரி இருந்துது. அண்டைக்கு மன்னார்க் கரையில உன்னை விட்டிட்டு நான் மட்டும் வள்ளத்தில ஏறினனான். நீ அங்க மீன் வெட்டிச் சாகிறாய் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன். கையைப் பிடிச்ச பிறகுதான் எனக்கு நித்திரை வருது. இப்ப வேலை ஒண்டும் இல்லைத்தானே?”

அம்மா ஒரு பாரையின் முதுகுப் பிளவுக்குள் உப்பை அடைத்தபடி சொன்னார்: “இல்லையக்கா. இவர் ஒண்டும் செய்ய விடுறேல்ல. சும்மாதான் இருக்கிறன்.”

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

கதைத்து முடிந்ததும், “ஏன் பொய் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“உப்பை இஞ்சால தள்ளு” என்றார் அம்மா.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. விண்ணப்பத்தில் ஒரு சொல் பிழைக்கக்கூடாது என்று பாடுபட்டவள் நான். அந்தக் கை ஆறுவதற்காக வெட்டியதும் கழுவியதும் நானும் அப்பாவும். அதைப் போய்ச் சும்மா இருக்கிற கை என்று சொல்லிவிட்டாரே என்று பின்னேரம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் பயணத்தில் அம்மா பெரியம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு சீலையும் இரண்டு பக்கற் தேயிலையும்தான் என்று அப்போது நான் நம்பியிருந்தேன்.