முன்பக்க இடது டயர்

அந்தக் கருவி பார்ப்பதற்கு ஒரு பவுண்டன் பேனா மாதிரியே இருக்கும். சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளக் கொக்கிகூட உண்டு. அதன் வாயை டயரின் வால்வில் வைத்து அழுத்தினால், மறுமுனையிலிருந்து எண்கள் போட்ட வெள்ளைக் குச்சி ஒன்று சட்டென்று வெளியே வந்து நிற்கும். எந்த எண் வரை வந்ததோ அத்தனை பவுண்டு காற்று உள்ளே இருக்கிறது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை முதன்முதலில் கையில் வாங்கிய இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டிலிருந்த பம்பு, அண்ணனின் பழைய சைக்கிள், பக்கத்து வீட்டுப் பையனின் பந்து, எதையும் விட்டுவைக்கவில்லை.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவரை அண்ணன் தன் டாக்சியில், டவுனைத் தாண்டி வெகுதூரத்தில் இருந்த ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடுவதாக ஏற்றுக்கொண்டிருந்தார். கடைசியில் கொண்டுபோய் விட்டது வேறு டாக்சி. ஆனாலும் பெட்டிகளில் இடம் கொள்ளாததையெல்லாம் துரை அண்ணனிடமே கொடுத்துவிட்டுப் போனார்: ஒரு குடை, பாதி டின் பிஸ்கட், இந்தக் கருவி. குடை அண்ணனுக்கு, பிஸ்கட் அண்ணிக்கு, கருவி எனக்கு.

ஏன் வேறு டாக்சி என்பதுதான் எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஒரே கவலை.

அப்போது டவுனுக்கு ஓரமாகக் காஜா பெராங்கில் சாலையை ஒட்டிய ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்ட பிறகு அண்ணனும் நானும் மட்டும் இருந்த வீட்டுக்கு, ஜாசினுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து அண்ணி வந்து சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு. அண்ணி வாயும் வயிறுமாக இருந்தார்.

ஜூன் மாதம் ஒரு நாள், அலோர் காஜா சாலையில் அண்ணன் போய்க்கொண்டிருந்தபோது முன்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் லாலான் புல்லுக்குள் நின்றது. உள்ளே இருந்த மூன்று பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவர்களே இறங்கி டயர் மாற்றக் கை கொடுத்தார்களாம். அந்த அவசரத்தில் வால்வின் பித்தளை மூடி புல்லுக்குள் எங்கோ விழுந்துவிட்டது. அண்ணன் வீட்டுக்கு வந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் மல்லாத்தி வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து டவுனைத் தாண்டி அவர் வண்டி போகவில்லை. தூரப் பயணம் யாராவது கேட்டால் வண்டியில் கோளாறு என்பார்.

அது பொய்யும் இல்லை. புதிதாகப் போட்ட அந்த டயரில் காற்று நிற்கவில்லை. வாரம் தவறாமல் இறங்கிவிடும். டயர் கடைச் சீனர் இரண்டு தடவை டியூபைக் கழற்றி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. ஓட்டை இல்லை என்று கையை விரித்துவிட்டார்.

அண்ணியின் வளைகாப்பு முடிந்திருந்தது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும். பெரிய சாலையிலிருந்து உள்ளே ஐந்து மைல் செம்மண் பாதை. பஸ்ஸில் அனுப்பிவிடலாம், மைத்துனன் வந்து கூட்டிப் போகட்டும் என்று அண்ணன் முடிவே செய்துவிட்டார். அண்ணி என்னிடம், காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்:

"பஸ்ல போனா நான் போய்ச் சேந்துருவேன் தங்கச்சி. உங்கண்ணன்தான் இங்கயே நின்னுருவாரு."

அது எனக்குச் சுரீரென்று பட்டது. அண்ணியைக்கூட ஏற்றிக்கொண்டு போகாதவர், அதன்பிறகு யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போகப்போகிறார்? அந்த டயர் ஏன் இறங்குகிறது என்பதை மைத்துனன் வருவதற்குள் கண்டுபிடித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். மூன்று வாரம் இருந்தது.

அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டேன், சக்கரத்துக்கு ஒன்றாக. காலையில் அண்ணன் குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு தடவை, மாலையில் வண்டி வந்த பிறகு ஒரு தடவை அளந்தேன். நான்கும் இருபத்து நான்கு பவுண்டு இருக்க வேண்டும். ஓடி வந்த டயர் சூட்டில் இரண்டு பவுண்டு கூடக் காட்டும், ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, மூன்று நாள் கணக்கு உதைத்த பிறகு நானாகப் பிடித்தேன். அந்தப் பெருமையில் வகுப்பில் பக்கத்துப் பெண்ணுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். அவள் தன் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு சக்கரமாகக் குந்தி எழுந்து வருவதை அண்ணன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பார்ப்பார். "காய்ச்சல் எவ்வளவு, டாக்டரம்மா?" என்பார். சிரிக்க மாட்டார்.

இரண்டு வாரத்தில் கணக்கு பேசத் தொடங்கிவிட்டது. மற்ற மூன்று டயரும் நேர்கோடு. இடது முன்பக்கம் மட்டும் வெள்ளிக்கிழமை இறங்கும். சனிக்கிழமை அண்ணன் காற்றடிப்பார். மறுபடியும் கொஞ்சம் இறங்கும். இன்னொரு தடவை அடித்தால் வியாழன் வரை அப்படியே நிற்கும். ஓட்டை என்றால் அதற்குக் கிழமை தெரியுமா? ஆகவே இது ஓட்டை இல்லை, ஆள் என்று நான் முடிவு கட்டினேன்.

ஆளையும் கண்டுபிடித்துவிட்டேன். டாக்சி ஸ்டாண்டில் அண்ணனுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தும் டிரைவர், எங்கள் பக்கத்துச் செட்டிக் கம்பத்துக்காரர். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தமிழ் மறந்துபோன செட்டிகளின் கிராமம் அது. பார்த்தால் நம்மவர், நெற்றியில் விபூதி, கோயிலில் முன்னால் நிற்பார். வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் கோயிலுக்குப் போகும்போது வண்டியை அவர்தான் பார்த்துக்கொள்வார். துரையை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டதும், அந்தக் கூலியை வாங்கியதும் அவர்தான். போதாததற்கு, உங்கள் வீட்டில் ஒன்று பருத்துக்கொண்டே வருகிறது, ஒன்று இளைத்துக்கொண்டே வருகிறது என்று அண்ணியையும் டயரையும் சேர்த்து அவர் மலாயில் கேலி பேசியிருந்தார். எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டினார். ஆனால் அடுத்த நாளிலிருந்து வண்டியை ஸ்டாண்டின் மறுகோடியில் நிறுத்தினார். இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. பத்து வருடப் பழக்கம். ஊரெல்லாம் கொடியும் தோரணமுமாக, கோலாலம்பூர் போக வண்டி கிடைக்காமல் ஆட்கள் அலைந்துகொண்டிருந்த நாட்களில் அண்ணன் அந்தக் கோடியில் தனியாக, பசாருக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை. அண்ணனுக்கு லேசாகத் தலைவலி, மத்தியானம்தான் வண்டியை எடுப்பேன் என்று படுத்துவிட்டார். நான் காலையில் அளந்தேன்: இருபத்து நான்கு. வழக்கம்போல அண்ணி குளித்து, சாமி கும்பிட்டு, கிண்ணத்தோடு வெளியே வந்தார். அந்த டயர் வெடித்த வாரத்திலிருந்து அவர் வெள்ளிதோறும் காருக்கு, அவர் வாயில் காடிக்கு, பொட்டு வைப்பார். தோட்டத்தில் அவருடைய அப்பா லோரி ஓட்டியவர். ஆயுத பூஜைக்கு லோரிக்கு வைத்துப் பழக்கம். முன்னால் ஒன்று, பிறகு சக்கரத்துக்கு ஒன்று. வயிற்றோடு குனிய முடியாமல் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நான்கையும் சுற்றி வருவார்.

ஒரு மணி நேரம் கழித்து, சும்மா இருக்க முடியாமல், மறுபடி அளந்தேன். இடது முன்பக்கம் இருபத்திரண்டு.

கார் முற்றத்தை விட்டு அசையவில்லை. ஸ்டாண்டுக்குப் போகவில்லை. செட்டிக் கம்பத்துக்காரர் அந்தப் பக்கமே வரவில்லை. நான் விரலில் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைத்தேன். மெதுவாக, மிக மெதுவாக ஒரு குமிழி எழுந்தது. சிவப்பாக இருந்தது.

பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அது உடைந்தது. இன்னொன்று வந்தது.

மற்ற மூன்று சக்கரத்திலும் பொட்டு பித்தளை மூடியின் மேல் இருந்தது. இதில் மூடி இல்லை, புல்லுக்குள் போய்விட்டது. திறந்திருந்த வாயில், உள்ளே இருக்கும் சின்ன ஊசியின் மேலேயே, சந்தனமும் குங்குமமும் அழுந்தியிருந்தன. வெடித்த சக்கரம் என்று அண்ணி இதற்கு மட்டும் கொஞ்சம் கூடவே வைத்திருந்தார். பொட்டு வைக்கும் விரல் ஊசியை அழுத்தும்போது அந்தத் துகள் உள்ளே போய் ஊசியை மூடவிடாமல் நிற்கிறது. இரண்டு தடவை காற்றடித்தால் டியூபுக்குள் போய்விடுகிறது. டயர் கடைக்காரர் ஊசியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் டியூபைத் தண்ணீரில் போட்டிருக்கிறார். குமிழி எப்படி வரும்? நோட்டைப் புரட்டினேன். வெள்ளிக்கிழமை வரிகளில் மட்டும் என் கட்டைவிரல் அளவுக்குச் சிவப்புக் கறை. மூன்று வாரமாக என் கையிலேயே இருந்திருக்கிறது. நான் அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஆளைத் தேடப் போயிருக்கிறேன்.

"என் பொட்டா?"

அண்ணி காபியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நான் தலையை ஆட்டினேன். அவர் காபியைப் படியில் வைத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். எப்படி என்று காட்டச் சொன்னார். ஊசியைக் காட்டினேன், துகளைக் காட்டினேன், எச்சில் வைத்து இன்னொரு குமிழியையும் காட்டினேன். அதுவரை நான் விளக்கிச் சொன்னதை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"இப்ப இத தொடச்சா காத்து நிக்குமா?"

"நிக்கும் அண்ணி."

"அப்ப அவரு ஓட்டுவாரா?"

"டயருக்கு நான் பொறுப்பு. அண்ணனுக்கு எப்படிச் சொல்றது?"

"அத நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் உள்ளுக்குள் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன்: வால்வே கடையில் வாங்கும்போது கெட்டது, அண்ணியின் மேல் ஒன்றும் இல்லை என்று. அதற்கு வேலையே வைக்கவில்லை அவர். அண்ணன் எழுந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் நேராகச் சொல்லிவிட்டார்.

"காடியில ஒண்ணும் இல்லைங்க. உங்க கையிலயும் ஒண்ணும் இல்ல. நான் வச்ச பொட்டுதான்."

அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவரையே பார்த்தார். "நான் என் கைதான் போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார், மிகவும் தணிந்த குரலில். "கையி என்ன பண்ணும் பாவம்" என்று அண்ணி அந்தக் கையிலேயே குழம்பை ஊற்றினார். அண்ணன் சிரித்தார். சிரித்து அவருக்குப் புரையேறியதும் நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை எங்கள் வீடு கேட்டிருக்கவில்லை.

ஜூன் மாதம் டயர் வெடித்தபோது அண்ணி பொட்டு வைக்க ஆரம்பித்திருக்கவே இல்லை. அந்த வெடிப்புக்கும் குங்குமத்துக்கும் சம்பந்தம் கிடையாது. இது எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும், அண்ணிக்கும் நிச்சயமாகத் தெரியும். மூன்று பேரும் சொல்லவில்லை. கணக்கில் தப்பு விட்டால் தூக்கம் வராத நான், அந்தத் தப்பை மட்டும் அப்படியே விட்டேன்.

எனக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. அன்று மாலை செட்டிக் கம்பத்துக்குப் போய், அவர் வீட்டு வாசலில் நின்று, எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட மலாயில் எல்லாவற்றையும் ஒப்பித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். பிறகு தன் மனைவியைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணிடம் எச்சரிக்கையாக இரு, நம் வீட்டுக் கோழி முட்டை போடாவிட்டாலும் என்னைத்தான் பிடிப்பாள் என்றார். எழுந்து போய்த் தன் மாற்றுச் சக்கரத்திலிருந்து பித்தளை மூடியைத் திருகி எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். மறுநாள் அண்ணனின் வண்டி பழைய இடத்தில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். பஸ் ஏற அல்ல, காரின் பின்சீட்டில் ஏற. அண்ணி முன்னால், அண்ணனுக்குப் பக்கத்தில். நான் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால். டவுன் முடியும் இடத்தில் அண்ணனின் தோள்கள் மேலே ஏறுவதைப் பார்த்தேன். அண்ணி சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, கொடி கட்டிய பள்ளிக்கூடங்களை எண்ணிக்கொண்டு வந்தார், சத்தமாக, ஒன்று விடாமல்.

ஜாசினில் மரநிழலில் நிறுத்தி, "அள" என்றார் அண்ணன். இறங்கி அளந்தேன். இருபத்தாறு, சூட்டுக்கு இரண்டு கூட, அப்படியானால் சரி என்றேன். செம்மண் பாதை தொடங்கும் இடத்தில் மறுபடி நிறுத்துவார் என்று கதவுப் பிடியில் கை வைத்துத் தயாராக இருந்தேன். அவர் நிறுத்தவில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஐந்து மைலும் ஒரே சீராக ஓட்டினார், பள்ளம் வரும்போதெல்லாம் மனைவியின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தபடி.

அண்ணியைத் தாய்வீட்டில் விட்டுத் திரும்பிய பின் வந்த வெள்ளிக்கிழமை நான் நோட்டோடு முற்றத்துக்கு வந்தபோது அண்ணன் எனக்கு முன்னால் எழுந்து குளித்திருந்தார். கையில் அண்ணியின் கிண்ணம். முன்னால் ஒன்று வைத்தார், கோணலாக. பிறகு ஒவ்வொரு சக்கரமாகக் குந்தி வைத்துக்கொண்டு வந்தார். இடது முன்பக்கத்துக்கு வந்ததும், மூடி இறுகியிருக்கிறதா என்று இரண்டு தடவை திருகிப் பார்த்துவிட்டு, அதற்கு மட்டும் கொஞ்சம் கூடவே வைத்தார்.

"எங்கே அண்ணே, இவ்வளவு காலையில?" என்றேன்.

ஜாசின் பக்கம் என்றார். பயணி யாரும் இல்லை.