கோடு போகாத பெட்டி

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரைப் ‘படக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். அவர் வேலையின் முழுப் பெயரை மனைவியாலேயே ஒரே மூச்சில் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியின் வேலைகளையும் அவற்றுக்கு உதவும் கம்ப்யூட்டர் புரோகிராம்களையும் ஒரே வரைபடத்தில் பொருத்திக் காட்டுவது அவர் பொறுப்பு. மேலே வேலைகள், கீழே பெட்டி பெட்டியாகப் புரோகிராம்கள், நடுவில் கோடுகள். எந்த வேலைக்கும் கோடு போகாத புரோகிராமை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி.

ஒன்றரை வருடம் பிரிவுத் தலைவர்களை மாற்றி மாற்றிக் கேட்டு வரைந்தார். எழுபத்திரண்டு பெட்டிகளில் ஒன்று மட்டும் தனியாக நின்றது. பதிவேட்டு அறையின் மூலையில், பழைய கம்ப்யூட்டரில் ஓடிய சின்னப் புரோகிராம்.

“அதுவா? எங்க வேலை இல்ல சார்” என்று எல்லாத் தலைவர்களும் கையை விரித்தார்கள்.

இருபது வருடமாக அதை இயக்கிவந்த அக்கா நான்கடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். அவரைக் கேட்கப் படக்காரருக்குத் தோன்றவில்லை. அவர் தலைவர் இல்லையே.

புரோகிராம் நின்றது. அக்காவை வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள். ஒரே மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார்.

மூன்றாவது மாதம் இதய நோய் டாக்டர் படக்காரரை வராந்தாவில் நிறுத்தினார். “மறுபடி காட்ட வரவேண்டியவங்க பாதிப்பேர் வர்றதே இல்ல. முன்னாடியெல்லாம் எப்படி வந்தாங்கன்னும் புரியல. நேத்து ஒரு பெரியவரத் தூக்கிட்டு வந்தாங்க. பொழைக்கல.”

படக்காரருக்குத் தான் நிறுத்தவைத்த அந்தச் சின்னப் புரோகிராம் நினைவுக்கு வந்தது. சாமான் அறையிலிருந்து பழைய கம்ப்யூட்டரைத் தேடியெடுத்து இயக்கினார். சொன்ன தேதியில் வராத நோயாளிகளின் பட்டியல் விரிந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அக்காவின் குறிப்பு. ‘மகள் பேசினாள், புதன் வருவார்கள்.’ ‘துணைக்கு ஆளில்லையாம். மறுபடி கூப்பிடணும்.’ ‘அழுதார்.’ யாரும் சொல்லாமல், அக்கா தானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. இறந்த பெரியவரின் பெயரும் இருந்தது. ‘மறதி அதிகம். முந்தின நாளே கூப்பிடணும்.’

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“உங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்க்கா.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் தம்பி.”

பெரியவர் இறந்ததைப் படக்காரர் சொன்னார். அக்காவின் கை அப்படியே நின்றது. “எப்பக் கூப்பிட்டாலும் ‘நீ யாரும்மா’ன்னுதான் ஆரம்பிப்பாரு” என்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“திரும்பி வந்துடுங்கக்கா.”

“வேண்டாம் தம்பி. வரவேற்புல நின்னு வர்றவங்களப் பாத்து சிரிச்சேன். மனசு மட்டும், வராதவங்களயே எண்ணிக்கிட்டிருந்துச்சு. விட்டுடுங்க.”

நிர்வாகத்தின் முன் படக்காரர் தன் தவறை ஒப்புக்கொண்டார். புரோகிராமுக்கு உயிர் வந்தது. ஆள் மட்டும் போடவில்லை. பதிவுசெய்த குரல் ஒன்று நோயாளிகளைக் கூப்பிட்டது. பாதிப்பேர் அதைக் கேட்டதுமே வைத்துவிட்டார்கள். அவர்களை மட்டும் சாப்பாட்டு இடைவேளையில் படக்காரரே கூப்பிட ஆரம்பித்தார். அவருக்குப் பேச வரவில்லை, திணறினார்.

“எப்பவும் பேசுமே அந்தப் பொண்ணு, அது எங்கப்பா?” என்று கேட்டார் ஒரு வயதான அம்மா.

“வேலைய விட்டுட்டாங்கம்மா. என்னாலதான்.”



“சரி. எத்தன மணிக்கு வரணும், சொல்லு.”