உள்ள என்ன போட்டீங்க?

வெள்ளிக்கிழமை காலை தெரேஸ் அவர்களோடு சண்டை போடத்தான் போன் செய்தேன். முந்தின நாள் மாலை கணினியில் ஓட விட்டுப் போன கணக்கு பாதியில் நின்றுகிடந்தது. நிறுத்தியது நிரலில் அவர் எழுதி வைத்த ஒரு வரி. திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். கடலோர ஊர் ஒன்றுக்குக் குடிநீர்க் கிணறு எங்கே தோண்டுவது என்பது அதில்தான் இருக்கிறது. அவர் லீவில் இருந்ததால் நேரில் கத்த முடியவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

போனை எடுத்தவர் அவருடைய தம்பி. "அக்கா விடியக்காலையில போயிட்டாங்க சார். ஹார்ட் அட்டாக்" என்றார். நான் எதற்காகக் கூப்பிட்டேன் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

லாஸ்பேட்டையில் எங்கள் நிலத்தடி நீர் ஆய்வுப் பிரிவில் எனக்கும் அவருக்கும் எதிரெதிர் மேசை. தெரேஸ் முதலியார்பேட்டைக்காரர். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சொந்தத்தில் பாதிப் பேர் பிரான்சில். இவரும் போயிருக்கலாம். போயிருந்தால் எனக்கு பிரஷர் மாத்திரை தேவைப்பட்டிருக்காது என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். "அலோர், நீங்க வேணா போங்க சார்" என்பார். திட்டப் போகிறார் என்றால் அந்த பிரெஞ்சு வார்த்தை முன்னால் வந்து நிற்கும்.

எங்கள் சண்டை என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடலைவிட்டுத் தள்ளிப் போகப் போக நிலத்தடி நீரில் உப்பு குறையும். முதலில் மளமளவென்று, பிறகு மெல்ல மெல்ல. அதைக் கணக்கிட ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எக்ஸ்ப் என்று ஒன்று தயாராகவே இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் தூரத்தை மைனஸ் குறியோடு போட்டால் உப்பு எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடும். உலகமே அதை நம்பி வேலை செய்கிறது. தெரேஸ் மட்டும் நம்ப மாட்டார்.

"அது தப்பாவா சொல்லுது?" என்று நான் வேலையில் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"சரியாத்தான் சொல்லும். நீங்க எதப் போட்டாலும் மூஞ்சி சுளிக்காம பதில் சொல்லும். அதான் சார் எனக்கு பயம்."

அதனால் எக்ஸ்ப்புக்கு ஒரு காவல் போட்டு வைத்திருந்தார். உள்ளே போகும் எண் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும், நிரல் அங்கேயே நின்று, ஆங்கில எழுத்தில் தமிழாகக் கேட்கும்: 'உள்ள என்ன போட்டீங்க? பாத்துட்டு எண்டர் தட்டுங்க.' யாராவது வந்து தட்டும்வரை அசையாது. தூரம் நிஜமாகவே அதிகமாக இருந்தாலும் அதே கதைதான். காலையில் விடை இருக்கும் என்று நம்பி வந்தால், அது எனக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன், கோபித்தேன், மேலதிகாரியிடம் புகார் கொடுத்தேன். அந்த அம்மா அசைந்தால்தானே!

ஒருமுறை மானம் போயிற்று. ஒரு மீனவர் ஊருக்குக் கிணறு போடும் விஷயமாக அதிகாரிகளும் ஊர்க்காரர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் நிரலை ஓட்டிக் காட்டினேன். சுவர் அளவு திரையில் அந்தக் கேள்வி வந்து நின்றது. தலைமை தாங்கிய அதிகாரி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "யாரு இது, என்னையா கேக்குறது?" என்றார்.

"எல்லாரையுந்தான் சார்" என்றார் தெரேஸ், கொஞ்சமும் கூசாமல்.

பார்த்தால், அளவெடுத்தவர்கள் கிலோமீட்டருக்குப் பதில் மீட்டரில் கொடுத்திருந்தார்கள். ஐந்து போக வேண்டிய இடத்தில் ஐயாயிரம் போயிருந்தது. காவல் இல்லாவிட்டால் எக்ஸ்ப் சத்தமில்லாமல் பூஜ்யம் என்று கொடுத்திருக்கும். உப்பே இல்லை, தோண்டுங்கள் என்று நாங்களும் எழுதியிருப்போம். சரியான அளவைப் போட்டபோது அந்த இடத்துத் தண்ணீர் குடிக்க ஆகாது என்று வந்தது. ஊர்க்காரப் பெண் ஒருவர், "மிஷினும் இந்தம்மா மாதிரியே வெடுக்குவெடுக்குனு பேசுது, ஆனா பொய் சொல்லல" என்றார். அதற்குப் பிறகு தெரேஸைக் கையில் பிடிக்க முடியுமா? நான் வாயைத் திறந்தாலே அந்தப் பெண்ணை மேற்கோள் காட்டுவார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் அவருடைய தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரில ஊசி போட வந்த டாக்டரையே அக்கா கேட்டாங்க சார், உள்ள என்ன போட்டிருக்கீங்கன்னு. அதுதான் கடைசியா பேசுனது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பாதிரியார் எங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தைத் திறக்கச் சொல்லி உட்கார்ந்தேன். அந்த வரியை எடுக்க இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எடுத்தேன். கணக்கு எங்கேயும் நிற்காமல் ஓடி முடிந்தது. விடையும் வந்தது. ஆனால் அதில் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. ஒரு ஊரே குடிக்கப் போகிற தண்ணீர். எரிச்சலோடு எல்லாத் தூரங்களையும் வரைபடத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பிழையே இல்லை. ஒரு இடம் நிஜமாகவே கடலைவிட்டு அவ்வளவு தள்ளி இருந்தது. தெரேஸ் வீணாக நிறுத்தியிருந்தார். இத்தனை வருஷச் சண்டையில் இவ்வளவு சுத்தமாக நான் ஜெயித்ததே கிடையாது. எதிர் மேசையைப் பார்த்தேன். சொல்வதற்கு ஆள் இல்லை. அப்படியொரு கோபம் வந்தது. அதோடு அழுகையும் வந்தது.

எடுத்த வரியைத் திரும்பப் போட்டேன். மறுபடி ஓட விட்டேன். அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்டது.

"பாத்துட்டேன் மேடம். சரியாத்தான் போட்டிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லி எண்டர் தட்டினேன்.

போய் வாருங்கள், தெரேஸ். இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.