இனிகோவும் ஈரான் கம்பளமும்

முப்பது வருடம் சரக்குக் கப்பலில் டெக் கழுவிப் பெயிண்ட் அடித்த இனிகோ எந்தப் புயலுக்கும் பயந்தவரில்லை. பயந்ததெல்லாம் மனைவி பிலோமினாவுக்கும், அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த கம்பளத்துக்கும்தான். கடைசிப் பயணத்தில் ஈரானில் அதை வாங்கித் தோளில் சுமந்து வந்தவரே அவர்தான்! அதோடு கப்பலை விட்டுத் தூத்துக்குடியில் வீடே கதியென்று உட்கார்ந்து பதினோரு வருடம் ஆகிறது. ஆனாலும் போன புதன்கிழமை வரை அவருடைய சுண்டுவிரல்கூட அந்தக் கம்பளத்தில் பட்டதில்லை.

பச்சைப் பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள். பழைய பருத்திச் சேலையில் சுருட்டி, உள்ளே காய்ந்த வேப்பிலை போட்டு, அலமாரி மேல் படுக்க வைத்திருப்பாள். மாதம் ஒருமுறை நிழலில் விரித்து, மெல்ல உதறி, இழை படிந்திருக்கும் பக்கமாகவே துடைப்பாள். விருந்தாளி வந்தாலும் விரிப்பாள். ஆனால் விருந்தாளி சுவரோரமாக ஒண்டித்தான் நாற்காலிக்குப் போக வேண்டும்.

அந்தப் புதன்கிழமை பிலோமினா தங்கச்சியைப் பார்க்க வேம்பாருக்கு பஸ் ஏறினாள். பஸ் மறைந்ததுமே இனிகோவுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் என்ன? அலமாரி மேலிருந்து கம்பளத்தை இறக்கி விரித்தார். உட்கார்ந்தார். ஆஹா, என்ன சுகம்! உட்கார்ந்த மனுசன் சும்மா இருந்தாரா? குசினியிலிருந்து சோற்றுத் தட்டையும் எடுத்து வந்தார். கை சறுக்கியது. சீலாமீன் குழம்பு கம்பளத்தின் நட்டநடுப் பூவில் போய்க் கொட்டியது.

பதறிப்போய், பெங்களூரில் இருக்கும் மகள் விஜிலாவுக்குப் போன் போட்டார்.

"துணிய வச்சு ஒத்தி எடுங்கப்பா, தேய்க்காதீங்க. ஒரு ஸ்பூன் உப்புத்தூள் தூவி, பத்து நிமிசத்துல தட்டி எடுத்துருங்க. அம்மாவுக்குத் தெரியவே தெரியாது."

ஒரு ஸ்பூனா? யானைப் பசிக்குச் சோளப்பொரியா? மச்சான் கிளைட்டன் உப்பளத்திலிருந்து கொடுத்துவிட்ட கல்லுப்பு அரை மூட்டை குசினி மூலையில் கிடந்தது. இனிகோ அதை மனசு நிறையக் கொட்டினார். நன்றாக ஊறட்டும் என்று விட்டு, மீன் வாடை போக ஜன்னலையும் திறந்துவைத்துவிட்டுப் படுத்துவிட்டார். கடற்காற்றில் உப்பு ஜாடியே வேர்க்கிற ஊர் இது. இங்கேயே பிறந்து வளர்ந்த மனுசனுக்கு அது மறந்துபோயிற்று. விடிந்து பார்த்தால் உப்பெல்லாம் கசிந்து, கம்பளம் மழையில் நனைந்த எருமை மாதிரிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை வர வேண்டிய பிலோமினா அன்றைக்குக் காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள். உள்ளே நுழைந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, இதென்ன, கம்பளத்துல கருவாடா போட்டு வச்சிருக்கீங்க?"

இனிகோ உள்ளதைச் சொன்னார். கூடவே மகளையும் மாட்டிவிட்டார்.

"மாதாவே! மூளைய கப்பலுலயே விட்டுட்டா வந்தீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. உப்பைத் தள்ளினாள், பச்சைத் தண்ணீர் தெளித்தாள், பழைய வேட்டிகளைக் கொண்டுவந்து போட்டாள். இருவரும் முட்டி போட்டு உட்கார்ந்தார்கள்.

"தேய்க்காதீங்க! டெக்குன்னா நெனச்சீங்க? ஒத்துங்க, ஒத்தி எடுங்க."

வேட்டி வேட்டியாக ஒத்தினார்கள். நல்லவேளை, சாயம் போகவில்லை. ஆனால் நடுப்பூவில் மஞ்சள் கறை மட்டும் அசையாமல் நின்றது. பிலோமினாவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் இனிகோவுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏளா, அழாத. கப்பல் ஏஜெண்டுக்கு ஒரு போன் போட்டா ஆறு மாச கான்ட்ராக்டு கெடைக்கும். எனக்கென்ன வயசா ஆயிட்டு? ஒரு நடை போயி இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிட்டு வாரேன்."

பிலோமினா கையிலிருந்த ஈர வேட்டியை அவர் மேலேயே எறிந்தாள்.

"இந்தச் சொல்லுக்குப் பயந்துதான் பதினோரு வருசமா ஒருத்தரையும் இத மிதிக்க விடல! இது கெட்டுப்போனா, இன்னொண்ணு வாங்குதேன்னு நீங்க திரும்பக் கப்பல் ஏறிருவீங்கன்னு..."

இனிகோ மேலே விழுந்த வேட்டியை எடுத்துக்கொண்டு அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"நான் எங்கயும் போகல பிலோமி."

"போனா காலை ஒடிச்சுருவேன்" என்று மூக்கை உறிஞ்சினாள் அவள். "அந்த மூலையில இன்னும் ஈரம் இருக்கு. ஒத்துங்க."